கொண்டல் கப்பலின் பூம்பூம் மாடு

காவல் நாள் 12 / 08:15

கப்பல் கொண்டல். காவலாள் சூசைமிக்கேல், ஊர் தூத்துக்குடி. போகுமிடம் நெப்டியூனின் நிலாவான டிரைட்டன். வேகம் சரி. காற்று சரி. இரண்டாம் தண்ணீர்த் தொட்டியில் கசிவு, பசை போட்டு அடைத்தாயிற்று. தூங்குகிறவர்கள் இருவர்: என் மனைவி பிலோமினா, இசக்கிராஜ். இருவர் கூண்டிலும் பச்சை விளக்கு எரிகிறது.

இது யார் கையில் கிடைக்கப்போகிறதோ தெரியாது. ஆகவே எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்பலில் ஒருவர் மட்டும் விழித்திருக்கத்தான் காற்று உண்டு. ஆளுக்கு ஓராண்டு காவல். முதலில் பிலோ, அடுத்து இசக்கி, இப்போது நான். ஒருவர் கூண்டில் படுத்த பிறகுதான் அடுத்தவர் எழுவார். நாங்கள் ஒருவரையொருவர் கண்டு பேசுவதே கிடையாது. நடந்தது என்ன, செய்ய வேண்டியது என்ன என்று முந்தைய ஆளின் நாட்குறிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வாயால் சொல்கிறேன். கணினி என் குரலையும் வைத்துக்கொண்டு, திருத்தமான எழுத்திலும் எழுதிக்கொள்கிறது. இலக்கணப் பிழை இருந்தால் அதைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

கணினிக்கு நாங்கள் வைத்த பெயர் தாசில்தார். எதற்கெடுத்தாலும் அதற்கு மூன்று சம்மதம் வேண்டும். முன்பு போன கப்பல் ஒன்றில் எவனோ அவசரத்தில் எதையோ அழித்துத் தொலைத்தானாம். உடனே கரையில் ஒரு குழு போட்டார்கள். கரை என்றால் பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறை. அந்தப் புண்ணியவான்கள் கூடிப் பேசி, இரண்டு பொத்தான்கள் வைத்துக் கொடுத்தார்கள். பச்சை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை. மனிதக் கைதான் அழுத்த வேண்டும். பச்சையை அழுத்தினால் மூன்று தரம் கேட்கும். சிவப்புக்கு ஒரு தரம் போதும். ‘இல்லை’ என்று சொல்லி எவன் கெட்டான் என்பது குழுவின் எண்ணம்.

"கழிப்பறைத் தொட்டியின் நேற்றைய அளவை நீக்கவா?" ஆம். "நிச்சயமா?" ஆம். "பிறகு மீட்க முடியாது. நிச்சயமா?" அட, கழிப்பறைத் தொட்டியின் அளவை மீட்டு நான் என்ன காவியமா எழுதப்போகிறேன்! இப்படி நாளொன்றுக்கு நூறு கேள்வி. ஒருவர் தூங்கி நானூறு நாள் ஆனால் "தூக்கம் தொடரட்டுமா?" என்றுகூடக் கேட்குமாம். தூங்குகிறவளை எழுப்பி, தூங்குகிறாயா என்று விசாரிக்கிற பிறவி.

இசக்கி இதற்கொரு வழி கண்டுபிடித்து வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறான். பிலோ கொண்டுவந்த கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளில் மாட்டை எடுத்து, கழுத்தை அறுத்து, காற்றாடி மோட்டாரில் பொருத்தி, பச்சைப் பொத்தானுக்கு நேரே கட்டியிருக்கிறான். தாசில்தார் மணியடித்துக் கேட்டால் மாடு தலையாட்டும், மோவாய் பொத்தானில் இடிக்கும். அசல் பூம்பூம் மாடு. கூடவே அவன் குரலில் ஒரு செய்தி:

"அண்ணாச்சி, மாட்ட மட்டும் அவுத்துராதீங்க. அவுத்தா அந்த தாசில்தாரு உங்கள ஒறங்க உடாது. ஒரு வருசம் நானு நிம்மதியா கெடந்தது இந்த வாயில்லா சீவனாலதான்."

கெட்டிக்காரப் பயல். நானும் அவிழ்க்கவில்லை.

காவல் நாள் 19 / 17:40

அடி விழுந்தது. மணல் அளவுகூட இல்லாத தூசி ஒன்று இடப்பக்கச் சுவரைத் துளைத்து, நினைவகப் பெட்டிகள் மூன்றில் இரண்டைக் கருக்கிவிட்டு வலப்பக்கமாகப் போய்விட்டது. எனக்குக் காயமில்லை. தூங்குகிறவர்களுக்கும் ஆபத்தில்லை. இரண்டு ஓட்டைகளையும் அடைக்கப் பகல் முழுதும் போயிற்று. முதுகு விட்டுப்போயிற்று.

மிச்சமிருப்பது ஒரே பெட்டி. அதில் இடம் பற்றாது. தாசில்தார் வேண்டாததை நீக்கி இடம் பண்ணத் தொடங்கியிருக்கிறது. ஓட்டையடைக்கும்போதெல்லாம் பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, மாடு தலையாட்டிக்கொண்டே இருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் கேள்வியாம். என் கையால் அழுத்தியிருந்தால் விரல் தேய்ந்திருக்கும்.

இசக்கி வாழ்க. படுக்கப் போகிறேன்.

காவல் நாள் 20 / 07:05

பிலோவின் கூண்டுக்குப் போனேன். காலையில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி. கண்ணாடிக்குக் கீழே திரையில் எழுதியிருக்கிறது: "எழுப்புக் கோப்பு: இல்லை."

எழுப்புக் கோப்பு என்றால் என்ன என்று சொல்லவேண்டும். காவலிருக்கிற ஆண்டு முழுதும் ஒவ்வொருவரின் இதயத்துடிப்பு, இரத்தம், எந்த மருந்து எத்தனை துளி என்று எல்லாம் அளந்து, தூங்கப் போகுமுன் முடித்து வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் கூண்டு ஆளை எழுப்பும். அது இல்லாமல் எழுப்பினால் எழுந்த வேகத்தில் ஆள் போய்விடுவார்.

நேற்று நடந்த கேள்வி பதிலைக் காட்டச் சொன்னேன். காட்டியது.

"பிலோமினா: எழுப்புக் கோப்பு. ஓராண்டாகத் திறக்கப்படவில்லை. நீக்கவா?" ஆம். "நிச்சயமா?" ஆம். "இது இல்லாமல் இவரை உயிரோடு எழுப்ப முடியாது. நிச்சயமா?" ஆம்.

"சூசைமிக்கேல்: எழுப்புக் கோப்பு. இவர் ஏற்கெனவே விழித்திருக்கிறார். நீக்கவா?" ஆம். ஆம். ஆம்.

இசக்கியின் கோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் போன மாதம்தான் படுத்தான், கோப்பு புதியது. மாட்டைக் கட்டியவன் தப்பிவிட்டான்.

கேட்டதே, பாவி, கேட்டதே! உயிரோடு எழுப்ப முடியாது என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதே! பத்தடி தூரத்தில் நான் பசை தடவிக்கொண்டு நின்றேன். மணிச் சத்தம் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகுமா? இசக்கி, நீ நாசமாய்ப் போக. உன் மாடு நாசமாய்ப் போக. கழிப்பறைத் தொட்டிக்கும் என் பெண்டாட்டியின் உயிருக்கும் ஒரே மணியை, ஒரே தொனியில் அடிக்கிற இந்த எந்திரத்தைச் செய்தவன் கை அழுகிப் போக. எதற்கும் மூன்று தரம் கேட்டால் எது பெரிசு, எது சிறிசு என்று மனிதனுக்கு எப்படியடா தெரியும்?

கரைக்குச் சொல்லிவிட்டேன். அங்கேயும் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு பிரதி உண்டு. அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இங்கிருந்து பேச்சு போய்ச் சேர நாலு மணி நேரம், திரும்பி வர நாலு மணி நேரம். மாட்டைப் பிய்த்து எறிந்தேன். பிறகு மோட்டார் வேண்டியிருக்குமே என்று எடுத்து வைத்தேன்.

காவல் நாள் 20 / 16:30

கரையிலிருந்து பதில். பேசியது மெஹருன்னிசா. காயல்பட்டினத்துப் பிள்ளை, எங்கள் கப்பலைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வார்த்தைக்கு வார்த்தை இதோ:

"மிக்கேல் அண்ணே... எப்பிடிச் சொல்லுவேன். இங்க பிரதி இல்லண்ணே. நேத்து உங்க கப்பல்ல இருந்து செய்தி வந்துச்சு, ‘இங்கே நீக்கியதை அங்கேயும் நீக்கவும்’னு. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கணும்ங்கிறது விதி. நான் உடனே செய்யலண்ணே. எழுப்புக் கோப்பு ஆச்சேன்னு, நிச்சயமான்னு கேட்டு அனுப்பினேன். எட்டு மணி நேரம் காத்துக்கிட்டிருந்தேன். ஆம்னு வந்துச்சு. மனசு கேக்காம இன்னொரு வாட்டியும் கேட்டேன். ஆம்னு வந்துச்சு. நீங்கதான் அமுக்குறீங்கன்னு நெனச்சேண்ணே. அல்லாவே, நீங்கதான்னு நெனச்சேன்."

முதல் தரம் கேட்டபோது நான் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரம் கேட்டபோது தூங்கிக்கொண்டிருந்தேன். நிம்மதியாக, இசக்கி சொன்ன மாதிரியே.

காவல் நாள் 22 / 10:20

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. யாரோடாவது பேச வேண்டும். பேச இந்தக் குறிப்பை விட்டால் நாதியில்லை. நீங்கள் யாராயிருந்தாலும் கேளுங்கள்.

பிலோ எதையும் இரண்டு தரம் கேட்கிறவள். சினிமாவுக்குப் போக வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினால் தெருமுனையில் நிற்பாள். "கேஸ அடச்சியா? பூட்ட இழுத்துப் பாத்தியா?" பார்த்தேன் என்பேன். "நெசமா பாத்தியா?" பார்த்தேன்டி என்பேன். பத்தடி நடந்ததும், "ஒரு வாட்டி போயி இழுத்துப் பாத்துட்டு வந்துரு மிக்கேலு, எனக்குப் படம் பாக்க ஓடாது." நான் கத்துவேன், தெருவே திரும்பிப் பார்க்கும், கடைசியில் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். படத்தில் எப்போதும் பெயர் போடுவது போய்விட்டிருக்கும். இருபது வருஷம் இதே சண்டை. பூட்டு ஒருநாள்கூடத் திறந்து கிடந்ததில்லை.

அவள் காவலிருந்த ஆண்டின் குறிப்புகளைப் பார்த்தேன். மாடு கிடையாது. நாளொன்றுக்கு நூறு கேள்வி, நூற்றுக்கும் அவள் கையாலேயே பதில் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் எழுதியிருக்கிறாள்: "பாவம், இந்தக் கணினி என்னைப் போலவே பயந்த சுபாவம்." இதைப் படித்து இன்று முழுதும் அழுதேன். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறேன். பேசினால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

காவல் நாள் 23 / 09:50

கூண்டுகளில் பச்சை விளக்கு. காற்று சரி. நேற்று போலவே இன்றும் பிலோவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எங்கள் கல்யாணத்தன்று பாதிரியார் ‘சம்மதமா’ என்று கேட்டபோது அவள், ‘இன்னொரு வாட்டி கேளுங்க ஃபாதர், இவரு கவனிக்கல’ என்று

கரையிலிருந்து அவசரம்: "அண்ணே, மெஹரு. நல்ல சேதி. அழிச்சது அங்கதான் கெடக்கும். மேல வேற எதையாவது எழுதுற வரைக்கும் அப்பிடியேதான் இருக்கும், எடுத்துரலாம். எதையும் பதியாதீங்க. அளவு, படம் ஒண்ணும் வேணாம். நாட்குறிப்பும்தாண்ணே. பேசாதீங்க. உங்க கொரலையும் அதே எடத்துலதான் அது எழு

காவல் நாள் 36 / 09:10

இனி எழுதலாம். தடையில்லை. இடம் நிறைய இருக்கிறது.

பதின்மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஒழுங்கு கெட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஹரு சொல்லிக் கொடுத்தபடி அழிந்துபோன பகுதியைத் தோண்டினேன். என் கோப்பு அடியோடு போயிருந்தது. பிலோவின் கோப்பு இருந்தது. இரத்தம் இருந்தது, மருந்து இருந்தது, மூச்சு இருந்தது. மாதா காப்பாற்றினாள் என்று மண்டியிட்டேன். பிறகு இதயத்துடிப்பைத் திறந்தேன். லப் டப் என்று வரவேண்டிய இடத்தில் கரகரவென்று ஒரு குரல். என் குரல். "கேஸ அடச்சியா, பூட்ட இழுத்துப் பாத்தியா" என்று அவளைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு மேலே "இசக்கி, நீ நாசமாய்ப் போக." அதற்குக் கீழே கல்யாணக் கதை, பாதியில் நிற்கிறது.

அவள் கோப்பு வெறுமையாகக் கிடந்த இடம் என்று தாசில்தார் அங்கேதான் என் புலம்பலை எழுதியிருக்கிறது. அவளை நினைத்து அழுத ஒவ்வொரு சொல்லும் அவள் நெஞ்சின் மேலே விழுந்திருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு சும்மா கிடந்திருந்தால் அவள் முழுசாக இருந்திருப்பாள். சும்மா கிடக்க எனக்கு எப்போது தெரிந்தது?

கரையிலிருந்து மெஹரு சொன்னாள்: "போன வரைக்கும் போகட்டும்ணே. பழைய மருத்துவச் சீட்டெல்லாம் வெச்சு டாக்டருங்க அந்த எடத்த மட்டும் திரும்ப உண்டாக்குறாங்க. ஒரு மாசம் கொடுங்க. அது வரைக்கும் அக்கா ஒறங்கட்டும். மிச்சத்து மேல ஒரு எழுத்து விழாம பாத்துக்கிடுங்க, போதும்."

ஒரு மாதம்தான். ஆனால் தோண்டி எடுத்ததைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப் பெட்டியில் இடமில்லை. பட்டா இல்லாத நிலத்தில் கிடந்தது, எவன் வேண்டுமானாலும் வந்து குடிசை போடலாம். இடம் வேண்டுமென்றால் வேறொன்றை நீக்க வேண்டும். கப்பல் ஓடத் தேவையானது போக மிச்சம் ஒன்றே ஒன்று: இசக்கியின் எழுப்புக் கோப்பு.

மறைக்க மாட்டேன். நீக்கு என்றேன். "நீக்கவா?" பச்சையை அழுத்தினேன். "நிச்சயமா?" அழுத்தினேன். "இது இல்லாமல் இவரை உயிரோடு எழுப்ப முடியாது. நிச்சயமா?" கை பொத்தான் மேலேயே நின்றது. அவன் கூண்டைத் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். சிவப்பை அழுத்தினேன். மூன்றாவது கேள்வி ஒருவனைக் காப்பாற்றியது. குழுக்காரர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

காவல் நாள் 36 / 11:40

தொடர்கிறேன்.

பதிவதை நிறுத்து என்றால் தாசில்தார் நிறுத்தாது. "காற்றழுத்தம் பதியவா?" இல்லை. "வெப்பம் பதியவா?" இல்லை. "இன்று நாட்குறிப்பு எழுதவில்லை என்பதைப் பதியவா?" இல்லை, இல்லை, இல்லை. கால் மணி நேரத்துக்குள் சிவப்பை அழுத்தாவிட்டால் தானே பதிந்துவிடும். பதிந்தால் பிலோவின் மேல் விழும். பொத்தானடியிலேயே உட்கார்ந்தேன். அங்கேயே தின்றேன். பத்து நிமிஷம் கண்ணை மூடுவேன், மணி அடிக்கும், எழுந்து அழுத்துவேன். நான் திட்டிக்கொண்டிருந்த கேள்விகளில் ஒன்றையும் விடாமல் படித்து, யோசித்து, கையாலேயே பதில் சொன்னேன். பிலோ பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.

பதினொரு நாள் தாக்குப்பிடித்தேன். பிறகு சுவரில் ஆட்கள் நடமாடத் தொடங்கினார்கள். ஒரு தரம் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் தடவிக்கொண்டு நின்றேன். இப்படியே போனால் என் கையே அவளைக் கொன்றுவிடும் என்று பயந்தேன். யோசித்தேன். வருவதெல்லாம் பதியவா, பதியவா என்கிற ஒரே கேள்வி. பதிலும் ஒன்றே: இல்லை.

எடுத்து வைத்திருந்த மாட்டைக் கொண்டுவந்து சிவப்புப் பொத்தானுக்கு நேரே கட்டினேன். நாலு கேள்விக்கு நின்று பார்த்தேன். நாலுக்கும் சரியாக இடித்தது. பிலோவின் கூண்டடியில் படுத்தேன். அப்படியொரு தூக்கம்.

நேற்று, முப்பத்தைந்தாம் நாள். பிலோ தூங்கி நானூறாவது நாள்.

"பிலோமினா: தூக்கம் தொடரட்டுமா?"

மாடு சொன்னது: இல்லை.

சிவப்புக்குத்தான் ஒரு தரம் போதுமே. நிச்சயமா என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அது கேட்டிருக்க வேண்டிய ஒரே இடத்தில் கேட்கவில்லை.

காவல் நாள் 36 / 12:15

கூண்டு சூடேறும் இரைச்சலில்தான் விழித்தேன். நிறுத்து என்று கத்தினேன். கோப்பு கிடந்த இடத்தைக் கூண்டுக்கு நான்தான் காட்டி வைத்திருந்தேன், கரையிலிருந்து மிச்சம் வந்ததும் உடனே சேர்க்கலாம் என்று. அதைப் படித்துப் படித்து மருந்தை விட்டுக்கொண்டே போனது. இரத்தம் சரி. மூச்சு சரி. அவள் கன்னத்தில் நிறம் வந்தது. உதடு அசைந்தது. கூண்டின் ஒலிபெருக்கியில் குரல் வந்தது:

"மிக்கேலா? ஒரே குளுரா இருக்கு... மொகமெல்லாம் என்ன இப்பிடி வத்திப் போச்சு? சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன்.

"நெசமா?"

அப்போது மணி அடித்தது. "இதயத்துடிப்புப் பகுதி புரியவில்லை. புரிந்தவரை வைத்துத் தொடரவா?"

இல்லை என்றால் பாதி எழுந்த உடம்பு அப்படியே நின்றுபோகும். ஆம் என்றால் என் புலம்பலைப் படித்து அவள் நெஞ்சுக்கு மருந்து விடும். பச்சையை அழுத்தினேன். பிழைக்க நூற்றில் ஒன்றாவது இருக்கும் என்று அழுத்தினேன்.

"நிச்சயமா?"

அழுத்தினேன். கூண்டிலிருந்து அவள், "எந்திரிக்கட்டா?" என்றாள்.

"பிறகு மாற்ற முடியாது. நிச்சயமா?"

ஒவ்வொரு கேள்வியையும் அது நிதானமாக, முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் பொத்தான் வேலை செய்யும். குழுவின் ஏற்பாடு, அவசரப்படக் கூடாதாம். மூன்றாவது கேள்வி முடிவதற்குள் அவள் கண் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டது. நான் அழுத்தினேன். கூண்டு தொடர்ந்தது. முடித்தது. "பிலோமினா வெற்றிகரமாக எழுப்பப்பட்டார்" என்று திரையில் போட்டது.

எந்திரிக்கட்டா என்று கேட்டாள். எந்திரி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவல் நாள் 39 / 18:00

மாட்டின் தலையைக் காலால் மிதித்து நொறுக்கினேன். பிலோவைக் கூண்டிலேயே கிடத்தி, கண்ணை மூடி, ஜெபமாலையைக் கையில் சுற்றிவிட்டேன். கூண்டின் விளக்கு அணைந்துவிட்டது.

இன்னும் பத்து மாதத்துக்கு மேல் காவல் இருக்கிறது. இந்தக் கண்ணாடிக்கு முன்னால் என்னால் ஒரு நாளும் முடியாது. கரையில் கேட்டேன். மெஹருவின் பதில்:

"டாக்டருங்க சரின்னுட்டாங்கண்ணே. நீங்க படுங்க, இசக்கி எந்திரிக்கட்டும். ஒரு மாசம் அங்க அளந்தது பத்தாதாம், உங்க கோப்ப மொதல்ல இருந்து இங்க உண்டாக்க எட்டு மாசம் ஆகும்கிறாங்க. செஞ்சு அனுப்புறோம். ஒண்ணே ஒண்ணு, அது வர்ற வரைக்கும் உங்கள எழுப்பிரக் கூடாது. இசக்கிக்குத் தெளிவா எழுதி வெச்சிட்டுப் படுங்கண்ணே. நான் தெனமும் தொழுகைல உங்களுக்காகக் கேக்குறேன்."

நானும் சாகத்தான் நினைத்தேன். அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டதும் மனசு மாறிவிட்டது. வீட்டுக்குப் போக வேண்டும். தெருமுனையில் நின்று, திரும்பிப் போய், பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். உயிரோடிருக்க இது ஒரு காரணமா என்றால், எனக்கு இது போதும்.

ஆகவே இசக்கி, இது உனக்கு. உன்னைத் திட்டியதையெல்லாம் விட்டுத்தள்ளு. எழுந்ததும் முதல் வேலையாக இந்தக் குறிப்பைப் படி. நீ கண் விழித்ததும் தாசில்தார் உன்னிடம் கேட்கும்: "சூசைமிக்கேலுக்கு எழுப்புக் கோப்பு இல்லை. எழுப்பிப் புதிதாக அளக்கவா?" சிவப்பை அழுத்து. உன் கையால் அழுத்து. எழுப்பினால் நான் செத்துப்போவேன். எத்தனை தரம் கேட்டாலும் படித்துப் பார்த்துச் சிவப்பை அழுத்து தம்பி. எந்தப் பொத்தானிலும் எதையும் கட்டாதே.

உன்னை எழுப்பச் சொல்லிவிட்டேன். "நிச்சயமா?" என்று மூன்று தரம் கேட்டது. மூன்று தரமும் படித்துப் பார்த்துச் சொன்னேன். படுக்கிறேன்.

காவல் நாள் 1 / 10:30

கப்பல் கொண்டல். காவலாள் இசக்கிராஜ். வேகம் சரி. காற்று சரி. தண்ணீர்த் தொட்டி இரண்டு சரி. நினைவகப் பெட்டி இரண்டு கருகிக் கிடக்கின்றன, ஓட்டையை ஒழுங்காக அடைத்திருக்கிறார்.

கணக்குப்படி இப்போது பிலோமினா அக்கா முறை. என்னை எதற்கு எழுப்பினார்கள் என்று தெரியவில்லை. இருக்கிற ஒரு பெட்டியும் குழம்பிப்போயிருக்கும். அக்கா கூண்டில் விளக்கு எரியவில்லை, பியூஸ் போயிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம். அண்ணாச்சி தம் கூண்டில் சுகமாகத் தூங்குகிறார்.

மாட்டை உடைத்துப் போட்டிருக்கிறார். கோபம் வந்தால் அவருக்குக் கண் மண் தெரியாது. தலை தூள் தூளாகிவிட்டது, நல்லவேளை மோட்டார் பிழைத்தது. குடிலில் கழுதை இருந்தது. அதன் தலையை எடுத்துப் பொருத்திப் பச்சைக்கு நேரே கட்டினேன். முன்னைவிட நன்றாக ஆடுகிறது.

எழுந்ததிலிருந்து தாசில்தார் உயிரை வாங்குகிறது. "முந்தைய காவலாளின் குறிப்புகளைப் படித்துவிட்டீர்களா?" என்று முதல் கேள்வி. திறந்து பார்த்தேன். நீளமான புலம்பல், முதல் பக்கத்திலேயே கழிப்பறைத் தொட்டி. அண்ணாச்சியின் புலம்பல் நமக்குப் புதுசா என்ன, சாவகாசமாகப் படிக்கலாம். கழுதை ஆம் என்று சொல்லிவிட்டது.

தலை இன்னும் கிறுகிறு என்று இருக்கிறது. கொஞ்சம் படுக்கிறேன். மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது கேட்டதில் அண்ணாச்சி பெயர் காதில் விழுந்தது, எழுப்பி அளக்கவா என்றோ என்னவோ. மூன்று தரம் தலையாட்டும் சத்தம் கேட்டது.

மற்றபடி எல்லாம் சரி.